செவ்வாய்க்கிழமைகளில் அவர் வெறும் ஸ்டாஃப்

செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வார்டின் ஸ்டாஃப் கழிப்பறை காலியாகவே இருக்காது. யாருக்கும் வயிற்றுக் கோளாறு இல்லை. ஒளிந்துகொள்ள வேறு இடம் கிடையாது, அவ்வளவுதான்.

எங்களை அப்படி ஒளியவைத்தவர் வார்டு இன்-சார்ஜ் சிஸ்டர். ஐம்பதைத் தாண்டியவர், குள்ளமானவர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சாந்தோம் பக்கத்துப் பழைய கத்தோலிக்கக் குடும்பம். அவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் பாதிப் பேர் டீச்சர்கள், மீதிப் பேர் நர்ஸுகள். இலையில் எதையாவது மிச்சம் வைத்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு விழும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது இதை எடுத்துக்கொண்டுபோய் அவரிடமே படித்துக் காட்டிவிடுவார்கள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, பி.பி. எவ்வளவுன்னு எழுதலையே" என்பார்.

மயிலாப்பூரில் நடுத்தர அளவில் ஒரு தனியார் மருத்துவமனை அது. அறுவைச் சிகிச்சை வார்டு. ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள், நடுவில் எங்கள் மேசை. லஸ் பக்கம் மெட்ரோ ரயிலுக்குத் தோண்டிக்கொண்டிருந்த சமயம். பூமிக்கு அடியில் இயந்திரம் உறுமினால் மருந்து அலமாரியின் கண்ணாடி லேசாக அதிரும். கூடவே நானும்.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். காலை ஷிஃப்டுக்கு எல்லோரும் கூடி, இரவு பார்த்தவர்கள் ஒவ்வொரு கட்டிலைப் பற்றியும் ஒப்புவித்து முடித்ததும், இவர் தன் வெள்ளைக் கோட்டிலிருந்து 'இன்-சார்ஜ்' என்று எழுதிய பேட்ஜைக் கழற்றுவார். எங்களை ஒரு சுற்றுப் பார்ப்பார். எங்களில் யாராவது ஒருவருடைய கோட்டில் அதைக் குத்துவார். குத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்று, "சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?" என்று கேட்பார்.

அன்று மாலை வரைக்கும் பேட்ஜ் குத்தியவர்தான் இன்-சார்ஜ். இவர் வெறும் ஸ்டாஃப்.

இதை நாடகம் என்று நினைத்துவிடக் கூடாது. நாடகமாக இருந்திருந்தால் நாங்களும் நடித்துவிட்டுப் போயிருப்போம். அவர் நிஜமாகவே சொன்னதைச் செய்வார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாத ஒரு சிஸ்டர், பேட்ஜ் ஏறிய பதற்றத்தில் மருந்து அலமாரியைத் துடைக்கச் சொல்லிவிட்டாள். முந்தின நாள்தான் துடைத்திருந்தது. துடைத்ததே இவர்தான். "சரி சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு புட்டியாக இறக்கி, துடைத்து, ஏற்றி வைத்துவிட்டு வந்து மறுபடியும் அவள் முன்னால் நின்றார். "முடிச்சிட்டேன். அடுத்தது?" அந்தப் பெண் விரிப்புகள் அடுக்கும் லினன் அறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். வந்தவள் முதலில் கட்டில் கட்டிலாகப் போய்ப் பார்த்தாள், அப்புறம்தான் வேலை சொல்ல ஆரம்பித்தாள்.

ஏன் இப்படிச் செய்கிறார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார். நிர்வாகத்திடம் கேட்டால் 'ஸ்டாஃப் டெவலப்மென்ட்.' ஜூனியர்களிடம், "என் முட்டிக்கு ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?" ஆனால் செவ்வாய்க்கிழமைதான் அவர் முட்டி அதிகம் நடக்கும். என்னிடம், "வாரத்துல ஒரு நாளாவது நான் தப்புப் பண்ணா வேற யாராவது திட்டு வாங்கணும் பிரதர்" என்றார். ஆண் நர்ஸை எங்கள் தொழிலில் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். திட்டு வாங்கப்போகும் பிரதர் யார் என்பது அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒரு தடவை எங்கள் எல்லோரையும் நந்தனத்தில் ஒரு ஹோட்டல் கூடத்துக்கு, தலைமைப் பண்புப் பயிலரங்கு என்று அனுப்பினார்கள். டை கட்டிய ஒருவர் எங்களுக்கெல்லாம் பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். ஊதினோம். பிறகு, நீங்கள் எந்த மிருகம் மாதிரியான தலைவர் என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். ஐ.சி.யூ. இன்-சார்ஜ் சிங்கம் என்றார். ஆபரேஷன் தியேட்டர் இன்-சார்ஜ் கழுகு. என் முறை வந்தபோது கோழி என்றேன். நல்ல சிரிப்பு கிடைத்தது, உண்மையும்கூட. இவர் எழுந்து, "வாரத்துல மத்த நாளெல்லாம் நான் சொல்வேன் சார். ஒரு நாள் கேட்பேன். மத்த நாள்ல என்ன தப்பாச் சொன்னேன்னு அந்த ஒரு நாள்ல தெரிஞ்சிடும்" என்றார்.

டை கட்டியவர் போர்டில் எழுதப் பேனாவைத் தூக்கிவிட்டு, எந்த மிருகத்தை எழுதுவது என்று தெரியாமல் நின்றார். "அப்ப நீங்க எந்த அனிமல் மேடம்?"

"நர்ஸ் சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் பயத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை நிற்காது. நாற்பதைத் தாண்டிய ஆள் நான். ஊசி போடுவதற்கோ ரத்தத்தைப் பார்ப்பதற்கோ பயமில்லை. ஒருவர் பார்த்து, இதைச் செய் என்று சொல்லிவிட்டால் போதும், கை நடுங்காமல் எதையும் செய்துவிடுவேன். எதைச் செய்வது என்று நானே முடிவெடுக்க வேண்டும் என்றால்தான் ஓடப் பார்ப்பேன். டாக்டருக்கு போன் பண்ண வேண்டுமென்றால் நம்பரை அழுத்திப் பார்த்து, பேசப்போவதை ஒத்திகை பார்த்து, தண்ணீர் குடித்து, கடைசியில் பக்கத்திலிருக்கும் சிஸ்டரிடம் போனைக் கொடுத்துவிடுவேன். இதை மறைக்கத்தான் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டு திரிவேன். வார்டில் என்னை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொன்னதில்லை. 'ஜாலியான பிரதர்' என்பார்கள்.

ஷிஃப்டு மாற்றியும், கழிப்பறையில் இருந்தும், மாமனாருக்கு உடம்பு சரியில்லாமல் ஆக்கியும் பல செவ்வாய்களைத் தாண்டினேன். ஒரு நாள் கதவைத் திறந்தால் வெளியே இவர் நிற்கிறார், கையில் பேட்ஜோடு.

"ரொம்ப நேரமா தண்ணிச் சத்தமே கேக்கலையே பிரதர்" என்றார். குத்தியும் விட்டார்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நான் தப்பாக ஏதாவது சொல்லி, ஒரு உயிருக்கு ஆபத்து என்றாலும் இப்படித்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்களா?

"ஆபத்துன்னா உங்களை ஒரு கையால தள்ளிட்டு நான் போயிடுவேன். அப்ப பேட்ஜெல்லாம் பார்க்க மாட்டேன். நான் தள்ளலைன்னா, யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்குன்னு அர்த்தம்."

அந்தச் சமயத்தில் எங்கள் வார்டில் ஒரு மீன்காரம்மா இருந்தாள். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரி. பெசன்ட் நகர் பக்கம் மீன் விற்கிறவள். சர்க்கரை நோய். காலில் புண் வந்து, அறுத்துச் சுத்தம் செய்து, கட்டுப்போட்டு, நரம்பு வழியாக மருந்து ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேச்சு என்றாலே பேரம்தான். காலையில் ஊசித் தட்டோடு போனால், "எத்தினி?" என்பாள். மூன்று என்றால், "மூணா? ரெண்டுக்கு முடிச்சுக்க நைனா, நம்ம ஆளாக் கீறே." கட்டுப் பிரிக்கப் போனால், "இன்னிக்கு வுட்டுடு, நாளைக்கு டபுளா பண்ணிக்கோ." இன்சுலின் அளவில்கூடக் குறைக்கச் சொல்லுவாள். ஜெயித்ததே கிடையாது, ஜெயிக்க வேண்டும் என்று ஆசையும் கிடையாது. மற்றவர்கள் குட் மார்னிங் சொல்கிற மாதிரி அவள் பேரம் பேசுவாள். எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று சர்ஜனைக் கேட்டு, அவர் சொன்னதில் பாதிக்கு இறங்கி, நடுவில் ஒரு கணக்குக்கு ஒத்துக்கொண்டு இரண்டு பேரும் சந்தோஷமாகப் பிரிவதை நானே பார்த்திருக்கிறேன். கேஸ் ஷீட்டில் இருந்த தேதி என்னவோ சர்ஜன் முதலில் சொன்னதுதான்.

நான் இன்-சார்ஜ் ஆன அந்த முதல் செவ்வாய், மத்தியானம் வரை ஒரு அசம்பாவிதமும் இல்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. ரவுண்டு போனேன். மீன்காரம்மா வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறாள். கூப்பிட்டேன். அசையவில்லை. விரலில் மாட்டிப் பார்க்கிற கருவி சார்ஜில் கிடந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். குதிரை ஓடுகிற மாதிரி நாடி ஓடுகிறது. பிடிக்கப் பிடிக்க இன்னும் வேகமாக ஓடுகிறது.

"கோட் ப்ளூ" என்று கத்தினேன். இதயம் நின்றுபோனவர்களுக்காகக் கொடுக்கும் அபாயக் குரல் அது. எனக்குப் பேட்ஜ் குத்திய சிஸ்டர் வார்டின் அந்தக் கோடியில் யாருக்கோ தலையணை மாற்றிக்கொண்டிருந்தார். "டிராலி" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவசர மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். பின்னாலேயே மயக்க மருந்து டாக்டர், டியூட்டி டாக்டர், ஐ.சி.யூ. சிங்கம், லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறி வந்த அட்டெண்டர்கள்.

மீன்காரம்மா தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தாள். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். "இன்னாபா, யாரு பூட்டாங்க?" என்று கேட்டாள்.

டியூட்டி டாக்டர் அவள் நாடியைப் பார்த்தார். சமத்தாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு, நான் எப்படிப் பிடித்தேன் என்று பிடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டைவிரலால்.

நர்ஸிங் படிப்பில் சேர்ந்தவுடன் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கட்டைவிரலுக்கு உள்ளேயே ஒரு நாடி ஓடுகிறது; அதை வைத்துப் பிடித்தால் நோயாளியின் துடிப்புக்குப் பதில் நம் துடிப்பைத்தான் எண்ணிக்கொண்டிருப்போம். மூன்று விரலால் பிடிக்க வேண்டும். அன்று நான் கோட் ப்ளூ கொடுத்தது எனக்கு.

"உன்னியே தொட்டுக்கினு எனக்குப் பயந்தியா நைனா?" என்றாள் மீன்காரம்மா. டியூட்டி டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

மறுநாள் நிர்வாக அறைக்குக் கூப்பிட்டார்கள், என்னையும் சிஸ்டரையும். நான் போகிற வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அதற்கு இடமே வரவில்லை. அவர்கள் கேட்டது இவரைத்தான். வார்டில் என்ன விளையாட்டு இது? உங்களை இன்-சார்ஜ் என்று போட்டிருக்கிறோமா, அவரையா? தப்பான ஆளிடம் பேட்ஜைக் கொடுத்தது யார்?

"தப்பான ஆள் இல்ல சார். அவர் கூப்பிட்டது தப்பில்ல, தொட்டதுதான் தப்பு" என்றார் இவர். "தொடறதைத் திருத்திடலாம். கூப்பிடவே பயந்துட்டா அதைத் திருத்த முடியாது."

நிர்வாகம் அதற்குத் தலையாட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இன்னொரு தடவை இப்படி வீண் கலாட்டா நடந்தால் செவ்வாய்க்கிழமைப் பழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டது.

வெளியே வந்ததும் எனக்கு ஒரு பெரிய நிம்மதி. இனி என் பக்கம் பேட்ஜ் வராது. தன் செவ்வாய்க்கிழமையைக் காப்பாற்றிக்கொள்ளவாவது இவர் கெட்டிக்காரச் சிஸ்டர்களுக்கு மட்டும்தான் குத்துவார். நடைவழியில் போய்க்கொண்டே, "அடுத்த செவ்வாயும் நீங்கதான் பிரதர்" என்றார்.

எனக்கு நடை நின்றுபோனது. வேண்டாம் சிஸ்டர், நான் இன்னொரு தடவை சொதப்பினால் உங்கள் பழக்கமே போய்விடும் என்று கெஞ்சினேன்.

"போனாப் போகட்டும். இப்ப விட்டா, இனிமே நீங்க யாருக்காகவும் போனைத் தொட மாட்டீங்க."

அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்க வேண்டாம். நான் நடந்து போனால் அட்டெண்டர்கள் தங்கள் மணிக்கட்டைத் தாங்களே பிடித்துப் பார்த்துக்கொண்டார்கள். கேன்டீன்காரர் டீயை வைத்துவிட்டு, "சுடுறது டீயா உங்க கையான்னு பார்த்துக் குடிங்க பிரதர்" என்றார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். திங்கட்கிழமை பாலவாக்கத்தில் என் வீட்டில் லேசாக இருமிப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவி, "லீவுக்கு இருமுற இருமல்தானே இது? கொஞ்சம் அடித்தொண்டையிலிருந்து வரணும்" என்றாள். போயே தீர வேண்டியதாகிவிட்டது.

செவ்வாய். பேட்ஜ். "சொல்லுங்க பிரதர், நான் என்ன செய்யணும்?"

பெண்கள் பக்கத்து ஊசிகளைப் போடச் சொன்னேன். நானும் கூடவே போனேன், ஏதோ மேற்பார்வை பார்ப்பது மாதிரி. உண்மையில் அவர் பக்கத்திலேயே நின்றால் ஒன்றும் நடக்காது என்று ஒரு நம்பிக்கை. மீன்காரம்மாவின் கட்டிலுக்கு வந்தோம். தட்டைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

இவர் ஊசியை எடுத்தார். நான், "மூணு ஊசிம்மா" என்றேன், வேண்டுமென்றே.

"போடு" என்றாள்.

அவ்வளவுதான். முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. நான் விடவில்லை. "சாயங்காலம் இன்னும் ரெண்டு இருக்கு" என்றேன். தலையை ஆட்டினாள்.

பி.பி. இயந்திரத்தைப் போட்டுப் பார்த்தேன். ரத்த அழுத்தம் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு; ஆனால் குறைவு என்று சொல்லிவிடவும் முடியாது. மூச்சு சற்று வேகம். வெயில் நாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். காய்ச்சல் இல்லை. நாடியை மூன்று விரலால் பிடித்தேன், நம்பாமல் இவரையும் பிடிக்கச் சொன்னேன். கொஞ்சம் வேகம்தான், கோட் ப்ளூ கொடுக்கிற வேகமில்லை. ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக என்னைப் பார்த்து, போய் வேலையைப் பாருய்யா என்றது. என்னால்தான் போக முடியவில்லை.

"சிஸ்டர், உங்களுக்கு என்ன தோணுது?"

"கை சில்லுன்னு இருக்கு பிரதர். காலைல குடுத்த இட்லி அப்படியே இருக்கு. இருக்கறது ஒரே மகன், வந்தானான்னு கேட்டேன், எந்த மகன்னு என்னைக் கேட்டாங்க."

"அப்ப டாக்டரைக் கூப்பிடணுமா?"

"பார்த்ததைச் சொல்றது ஸ்டாஃப் வேலை. கூப்பிடறதா வேணாமாங்கறது இன்-சார்ஜ் வேலை."

பூமிக்கு அடியில் மெட்ரோ இயந்திரம் உறுமியது. அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. நான் போனை எடுத்தேன், வைத்தேன். கூப்பிட்டு ஒன்றுமில்லை என்று ஆனால் இவருடைய செவ்வாய்க்கிழமை அன்றோடு செத்தது. கட்டைவிரல் பிரதர் மறுபடியும் கதை கட்டினார் என்று ஊரே சிரிக்கும். கூப்பிடாமல் விட்டு ஏதாவது ஆனால், சிரிக்கக்கூட யாரும் இருக்க மாட்டார்கள். இவரைப் பார்த்தேன். என்னைத் தள்ளிவிட்டுப் போவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளிவிடக் கூடாதா என்று ஆசையாகவே இருந்தது. அவர் தள்ளவில்லை. மீன்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

யோசிக்க நேரம் இருக்கிறது என்றால், அந்த நேரம் போய்க்கொண்டும் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. நம்பரை அழுத்தினேன்.

சர்ஜன் கீழே வெளிநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னேன். "ஓ, நீங்களா?" என்றார். கட்டைவிரல் அவர் வரைக்கும் போயிருக்கிறது. கட்டில், பி.பி., மூச்சு, நாடி எல்லாம் சொன்னேன்.

"எல்லாம் பரவாயில்லையே பிரதர்" என்றார், பொறுமையாகவே. "என்ன பிரச்சினை?"

ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அத்தனையும் காணாமல் போயிருந்தது.

"அந்தம்மா பேரம் பேசல டாக்டர்."

போனை வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"ஒரு ஊசிக்குக்கூடவா?"

"ஒண்ணுக்குக்கூட இல்ல டாக்டர். சாயங்காலம் இன்னும் ரெண்டு போடுவேன்னு சும்மாச் சொன்னேன். சரின்னுட்டாங்க."

"வர்றேன். ஐ.சி.யூ.வுக்குச் சொல்லிடுங்க."

வந்தார். கட்டைப் பிரித்தார். மேலே புண் நன்றாகத்தான் ஆறியிருந்தது. பக்கத்தில் அழுத்திப் பார்த்தபோது, அடியில் புதிதாகச் சீழ் கட்டியிருந்தது தெரிந்தது. கிருமி ரத்தத்தில் கலக்க ஆரம்பித்துவிட்டது என்றார். இயந்திரத்தை மறுபடியும் போட்டோம். எண்களுக்கு இப்போதுதான் விஷயம் தெரியவந்தது, மளமளவென்று இறங்கின. "ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோங்க" என்று நான் சொன்ன நொடியில் கட்டில் நகர்ந்தது. சக்கரத்துப் பூட்டை எப்போதோ காலால் தட்டி விடுவித்து வைத்திருந்தார் இவர். எப்போது என்று நான் கேட்டதில்லை. நான் யாரையும் கூப்பிடாமலே போனைக் கீழே வைத்த சமயமாக இருந்தால், இன்னும் ஒரு நிமிஷத்தில் நான் தள்ளப்பட்டிருப்பேன்.

மத்தியானமே தியேட்டருக்குக் கொண்டுபோய்ச் சீழை எடுத்தார்கள். சரியான நேரத்தில் பிடித்தோம் என்று சர்ஜன் சொன்னார். பிடித்தோம் என்று பன்மையில் சொன்னதை நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். மீன்காரம்மா பிறகு அதிக நாள் இருந்து, கால் கையோடு வீடு போய்ச் சேர்ந்தாள். நிர்வாகம் எங்களைப் பாராட்டவில்லை. செவ்வாய்க்கிழமைப் பேச்சை மறுபடியும் எடுக்கவில்லை, அவ்வளவுதான். இவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அது நடந்தது. இப்போது அடையாறு பக்கம் வேறொரு மருத்துவமனையில் நானும் ஒரு வார்டுக்கு இன்-சார்ஜ். வாரத்தில் ஒரு நாள் நானும் பேட்ஜைக் கழற்றிப் பார்த்தேன். சொன்னதை மட்டும் செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. யாராவது தப்பாக ஒரு வேலை சொன்னால் என் முகம் தானாகக் கோணிக்கொள்கிறது. ஜூனியர்கள் என் முகத்தைப் பார்த்தே திருத்திக்கொண்டுவிடுகிறார்கள். அவர் முகத்தில் அப்படி எதையும் படித்துவிட முடியாது. அந்த முகத்தை எங்கே வாங்கினார் என்று தெரியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். தியேட்டரிலிருந்து ஐ.சி.யூ.வுக்கு வந்தாயிற்று, கண் விழித்தாயிற்று, பி.பி. ஏறிவிட்டது என்று சிங்கமே போன் பண்ணிச் சொன்னது. போனை வைத்துவிட்டு இன்-சார்ஜ் நாற்காலியில் உட்கார்ந்தேன். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறேன். முதுகு முழுக்க நனைந்திருந்தது. சிரிப்பு வந்தது, யாரிடமும் சொல்வதற்கில்லாத சிரிப்பு. கூடவே கண்ணும் கலங்கியது. மேசைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

நிமிர்ந்தால் எதிரில் இவர் நிற்கிறார். அவர் பின்னால் இன்னும் மூன்று சிஸ்டர்கள். யார் முகமும் சரியில்லை. அடுத்து எந்தக் கட்டில்?

"பிரதர்" என்றார் இவர், தாழ்ந்த குரலில். "நாங்க சாப்பிடப் போகலாமா?"

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடமெல்லாம் விட்டுப் பிள்ளைகள் வீடு சேர்ந்திருக்கும். ஸ்டாஃபை முறைபோட்டுச் சாப்பிட அனுப்ப வேண்டியது இன்-சார்ஜ். நான் ஒருவரைக்கூட அனுப்பவில்லை. மற்ற மூன்று பேரும் கண்ணாலேயே என்னைத் தின்றுகொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

"நீங்களும் இவங்களும் முதல்ல போங்க சிஸ்டர். நீங்க ரெண்டு பேர் இருங்க, அவங்க வந்ததும் போகலாம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அரை மணி நேரத்துல வந்துடணும்."

அது என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. சிஸ்டர்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி பிரதர்" என்றார் அவர். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாகவே நடந்தார்.